கருத்தரங்கு, வேலை, தயக்கம்: சேலம் வட்டார முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்திலும், அதனுடன் இணைந்த சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளிலும், இவ்வட்டாரப் பொறியியல் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள், ஆய்வு முறையியல் பற்றிக் கேட்பதைவிட மேடை பற்றியும், பட்டத்துக்குப் பிந்தைய பிழைப்பு பற்றியும், "இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா" என்ற தயக்கம் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். கல்லூரி ஆசிரியராகப் பல ஆய்வாளர்களோடு பழகியதில் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். விதிகளைப் பற்றிப் பேசும் இடங்களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஒழுங்குமுறைகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். மற்றவை என் கருத்துகள்.

கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியுமா?

யுஜிசி அளவில் அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீட்டுக்கு உட்படும் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசிப்புகளும் வேண்டும் என்றது. 2022 நவம்பரில் வெளியான ஒழுங்குமுறை அந்த விதியை நீக்கிவிட்டது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த விதிகளில் அதைத் தொடரலாம். ஆகவே நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிமுறையை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூத்த ஆய்வாளர் வாய்வழியாகச் சொல்லும் விதி அவர் சேர்ந்த ஆண்டுக்கு உரியதாக இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் தினமும் கருத்தரங்க அழைப்பு வருகிறது. எதற்குப் போவது, எதை விடுவது?

அழைப்பிதழில் முதலில் பார்க்க வேண்டியது பொருளின் எல்லை. வேதியியல், வணிகவியல், தமிழ் இலக்கியம், கணினி அறிவியல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் இடம் தரும் "பன்னாட்டுக் கருத்தரங்கு" என்றால், உங்கள் கட்டுரையைப் படித்து விவாதிக்கக்கூடிய ஒருவர்கூட அந்த அறையில் இருக்கமாட்டார் என்று கொள்ளலாம். சுருக்கத்தை அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதமும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்து வந்தால், அங்கே மதிப்பீடு என்ற ஒன்று நடக்கவில்லை. "ஸ்கோபஸ் இதழில் வெளியீடு உறுதி" என்று முன்கூட்டியே எழுதியிருப்பது மூன்றாவது அறிகுறி (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளம்). நேர்மையாக மதிப்பிடும் எந்த இதழும் படிக்காத கட்டுரைக்கு உறுதி அளிக்காது. நல்ல இதழ்களுக்கான யுஜிசி கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசியே கைவிட்டுவிட்டதால், "கேர் பட்டியல் இதழ்" என்று இன்றும் விளம்பரம் செய்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு இப்போது நிறுவனங்களிடமும் உங்களிடமும் வந்திருக்கிறது.

மாறாக, உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் உள்ள இரண்டு மூன்று பெயர்களாவது நிகழ்ச்சி நிரலில் தென்பட்டால், அது சிறிய ஊரில் நடந்தாலும், சான்றிதழ் சாதாரணத் தாளில் அச்சாகியிருந்தாலும், போய்வாருங்கள். மதுரையிலோ திருச்சியிலோ முப்பது பேர் கூடும் துறைசார் கூட்டம், முந்நூறு பேர் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கிப் போகும் விழாவைவிட ஆய்வாளருக்குப் பன்மடங்கு பயன் தரும்.

செலவுக்கு யார் தருவார்கள்?

பெரும்பாலும் நீங்களேதான். யுஜிசி இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் நம் வட்டாரத்தில் உதவித்தொகை எதுவுமின்றி, சுயநிதிக் கல்லூரிச் சம்பளத்தில் ஆய்வு செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: ஆண்டுக்கு ஒரு நல்ல கருத்தரங்கு போதும். சென்னையில் என்றால், சேலம் வழியாகச் செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலை இறங்கலாம். ஒரு நாள் அறை வாடகை மிச்சம். வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றால், ஏற்புக் கடிதம் கையில் கிடைத்த அன்றே சிஎஸ்ஐஆர் (அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அமைப்புகளின் பயண உதவித் திட்டங்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும். அவற்றின் பரிசீலனைக்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

பேச எழுந்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

நம் ஊர்க் கருத்தரங்கு எப்படி நடக்கிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு எனத் தொடக்க விழா பதினொன்றரை மணிவரை நீளும். பிறகு தேநீர். உங்களுக்கு ஒதுக்கிய பதினைந்து நிமிடம், அமர்வு தொடங்கும்போது எட்டாகச் சுருங்கி, உங்கள் முறை வரும்போது "ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்றாகிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு மனப்பாடம் செய்த ஆய்வாளர் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். தடுமாற்றத்துக்குக் காரணம் தன் திறமைக் குறைவு என்று வீடு திரும்பும்வரை நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது நேர நிர்வாகக் கோளாறு.

எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு வடிவம், பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வடிவம் என்று இரண்டைத் தயார் செய்யுங்கள். ஐந்து நிமிட வடிவத்தில் முந்தைய ஆய்வுகளின் வரலாறு வேண்டாம். உங்கள் கேள்வி, நீங்கள் செய்தது, கிடைத்த ஒரு முடிவு, அதைக் காட்டும் ஒரு படம் ஆகியவை போதும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நாக்கு ஒட்டுவது அங்கேதான். முழுக் கட்டுரையையும் தாளைப் பார்த்து வாசிப்பது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் நேரம் குறைக்கப்படும்போது எதை விடுவது என்று தெரியாமல் உங்களைத் தவிக்க விடுவது அந்தத் தாள்தான்.

நான் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் பேசினால் தவறு வருகிறது. சிரிப்பார்களா?

சிலர் சிரிக்கலாம்; அப்படிச் சிரிப்பவர்கள் ஆய்வு பற்றிக் கேள்வி கேட்பது அரிது. தமிழியல், வரலாறு போன்ற துறைகளின் கருத்தரங்குகளில் தமிழிலேயே வாசிக்க வாய்ப்பு உண்டு. அறிவியலிலும் வணிகவியலிலும் ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. அங்கே நீண்ட வாக்கியத்தைக் கட்ட முயன்று நடுவில் வினைச்சொல் தேடுவதைவிட, எட்டுப் பத்துச் சொற்களில் முடியும் வாக்கியங்களாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் "கேள்வியை மறுபடி சொல்ல முடியுமா" என்று கேட்பதில் இழுக்கில்லை. தமிழர்கள் மட்டுமே இருக்கும் அறை என்றால், அமர்வுத் தலைவரிடம் "இந்தப் பகுதியைத் தமிழில் விளக்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறுங்கள். பெரும்பாலான தலைவர்கள் தலையசைப்பார்கள். அவர்களுக்கும் அதுதான் எளிது.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் மானம் போய்விடாதா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரை ஆராயும் ஒருவர் தன் முடிவுகளைச் சொல்லி முடிக்கிறார். முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர், "மாதிரிகள் எல்லாம் ஏப்ரல், மே மாதத்தவை. மழைக்காலத்தில் எடுத்தீர்களா?" என்று கேட்கிறார். எடுக்கவில்லை. இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, "அது என் ஆய்வின் எல்லைக்குள் வராது, ஐயா" என்று கதவைச் சாத்துவது. மற்றொன்று, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் மூன்றாவது அத்தியாயத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்குவது. இரண்டுமே கேட்பவரை அடுத்த கேள்விக்குத் தூண்டும்.

சரியான பதில் இதைவிடச் சிறியது: "எடுக்கவில்லை, ஐயா. மழைநீர் கலந்தால் செறிவு குறையும் என்று எதிர்பார்க்கிறேன். அக்டோபரில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்." இதில் இல்லாததை ஒப்புக்கொள்கிறார், காரண அறிவைக் காட்டுகிறார், அடுத்த வேலையைச் சொல்கிறார், கேட்டவரை உதவிக்கு அழைக்கிறார். அந்தக் கேள்வியை அன்றே நோட்டில் எழுதிவைத்தால், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதையே கேட்கும்போது கையில் பதில் இருக்கும். கருத்தரங்கில் கிடைக்கும் கேள்வி, தேர்வுக்கு முன்பே கசிந்த வினாத்தாள், சட்டப்படியே கசிந்தது.

ஏற்காட்டில் மூன்று நாள் தங்கிப் பயிலும் பயிலரங்கு. வீட்டில் அனுப்பத் தயங்குகிறார்கள். விட்டுவிடட்டுமா?

எளிதில் விட்டுவிட வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நடத்துகிறார்கள் என்பதில் சுற்றுலா ஆசையும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் கருத்தரங்கில் சான்றிதழ் வாங்கியதும் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்கள், மலையில் ஓட இடமின்றி இரவுச் சாப்பாட்டு மேசையில் பேசுகிறார்கள். புள்ளியியல் மென்பொருளில் நீங்கள் மாதக்கணக்கில் சிக்கிய இடத்தை, அதே இடத்தைக் கடந்த ஒருவர் அங்கே அரைமணியில் காட்டிவிடுவார். தாவரவியல் ஆய்வாளர் என்றால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும், நிலவியல் ஆய்வாளர் என்றால் சேர்வராயனின் சார்னோகைட் பாறைகளையும் மலையடிவாரச் சுண்ணாம்புக் குன்றுகளின் மாக்னசைட் படிவையும் பார்க்காமல் திரும்பக்கூடாது.

வீட்டார் கேட்பது பெரும்பாலும் பாதுகாப்பு பற்றித்தான். தங்குமிடத்தின் பெயர், பெண்களுக்குத் தனி அறை உண்டா, ஒருங்கிணைப்பாளர்களில் பெண் ஆசிரியர் இருக்கிறாரா, எந்த வண்டியில் மேலே போகிறார்கள் ஆகியவற்றை முன்னதாகவே ஏற்பாட்டாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வீட்டில் காட்டுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஏற்பாட்டாளரின் நிகழ்ச்சியை வீட்டார் சொல்லாமலே விட்டுவிடலாம். மே மாதக் கோடை விழாவையொட்டி நடத்தினால் அறை வாடகை விண்ணைத் தொடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பெரிய பேராசிரியர்களிடம் எப்படிப் போய்ப் பேசுவது?

மேடையிலிருந்து இறங்கியதும் அவரைச் சூழும் கூட்டத்தில் நிற்காதீர்கள். தேநீர் இடைவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் போங்கள். "உங்கள் எல்லாப் புத்தகங்களையும் படித்திருக்கிறேன், ஐயா" என்று தொடங்காமல், அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு உதவிய அல்லது புரியாத ஒரே ஓர் இடத்தைச் சொல்லுங்கள். செல்ஃபி கடைசியில். மின்னஞ்சல் முகவரி வாங்கினால், இரண்டு நாளுக்குள் நான்கு வரியில் எழுதுங்கள். ஆய்வேட்டின் முழு வரைவையும் இணைக்காதீர்கள்.

என்னைத் தவிர எல்லாரும் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். குருட்டாம்போக்கில் நுழைந்துவிட்டேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன் என்று தோன்றுகிறது. எனக்கு மட்டுமா இப்படி?

இல்லை. 1978இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள், உயர்ந்த சாதனை படைத்த பெண்களிடம் இதே எண்ணத்தைக் கண்டு எழுதினார்கள். பட்டமும் பாராட்டும் பெற்ற அந்தப் பெண்கள், தங்கள் வெற்றிக்கு அதிர்ஷ்டமோ தேர்வாளர்களின் தவறோதான் காரணம் என்று நம்பினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மருத்துவ நோய்ப் பட்டியலில் இது இல்லை.

ஆனால் "எல்லாருக்கும் இருக்கிறது, கவலைப்படாதே" என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தயக்கத்தில் இரண்டு வகை உண்டு. "எனக்குப் பின்னடைவுப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை தெரியவில்லை", "2020க்குப் பின் வந்த கட்டுரைகளைப் படிக்கவில்லை" என்று பெயர் சொல்லக்கூடியது ஒரு வகை. அது நியாயமான தயக்கம். சில வாரப் படிப்பில் தீரும். "நான் இங்கே இருக்கவே தகுதியற்றவன்" என்று எதன்மீதும் விரல் வைக்க முடியாதது மற்றொரு வகை. அது படிப்பால் தீராது. இன்னொரு சான்றிதழ், இன்னொரு கட்டுரை என்று சேர்க்கச் சேர்க்க அதுவும் வளரும். ஏனெனில் ஒவ்வொரு வெற்றியையும் அது அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளும். தயக்கம் வரும்போது அதை ஒரு தாளில் ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். செயல் ஏதாவது அந்த வாக்கியத்தில் இருந்தால் முதல் வகை. உங்கள் பிறப்பு, ஊர், பள்ளி, உச்சரிப்பு ஆகியவை மட்டுமே இருந்தால் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையில் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகும் அபாயத்தில் இருந்தார். உயர்கல்வி கற்ற பிறரைவிட இது அதிகம். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, வேலைச் சுமை, நெறியாளர் (ஆய்வு வழிகாட்டி) நடத்தும் முறை ஆகியவை அதனுடன் தொடர்புடையவையாக இருந்தன. அங்கேயே அப்படி என்றால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர், உதவித்தொகையின்றி, "எப்போது முடியும், எப்போது கல்யாணம்" என்ற கேள்விக்கு நடுவே ஆய்வு செய்யும்போது தடுமாறுவதைத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவால் சரிசெய்ய முடியாது.

என் நெறியாளர் நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்வதில்லை. நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாராட்டாத நெறியாளர் எல்லாரும் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்று பொருளில்லை. அப்படியே வளர்க்கப்பட்டவர்கள் பலர். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும் என்பது 2022 ஒழுங்குமுறை. அதைக் கையெழுத்துச் சடங்காக விடாமல், "அடுத்த ஆறு மாதத்தில் நான் கட்டாயம் முடிக்க வேண்டியவை எவை?" என்று குழுவிடமே கேட்டு, அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த பருவத்தில் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நெறியாளரின் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வேலைவாய்ப்பு முகாம்களில் முனைவர் பட்டத்தவருக்கு ஏதாவது உண்டா?

சேலத்தில் நடக்கும் பொது முகாம்களில் மிகக் குறைவு. அங்கே வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஐடிஐ, டிப்ளமோ, இளநிலைப் பட்டதாரிகளைத் தேடுகின்றன. வரிசையில் நின்று விண்ணப்பத்தை நீட்டும்போது, "இவ்வளவு படித்துவிட்டு இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று மனிதவளப் பிரிவுக்காரர் கேட்பது அவமானமாகத்தான் இருக்கும். அது உங்கள் தகுதி பற்றிய தீர்ப்பு அன்று; நீங்கள் வேறு வாசலில் நின்றுவிட்டீர்கள் என்பதுதான் அதன் பொருள். துறைசார் கருத்தரங்குகளோடு நடக்கும் தொழில்துறைக் கண்காட்சிகளும், ஓசூர், பெங்களூரு நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகளுக்கு நேரடியாக அனுப்பும் விண்ணப்பங்களும்தான் சரியான வாசல்கள்.

அந்த வாசலிலும் ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னால் யாருக்கும் புரியாது. "மரவள்ளி மாவுச்சத்து ஆலைக் கழிவுநீரின் கரிமச் சுமை குறித்த ஓர் ஆய்வு" என்பதைவிட, "ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனை ஆறு மாதம் நானே இயக்கி, தினசரி அளவுகளைப் பதிவு செய்திருக்கிறேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். விண்ணப்பத்தில் வெளியீடுகளின் பட்டியல் பின்பக்கத்துக்குப் போகட்டும். கையாளத் தெரிந்த கருவிகள், மென்பொருள்கள், நடத்திய கள ஆய்வுகள் முன்பக்கத்துக்கு வரட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அரசுப் பணிகளில் வயது வரம்பைக் கவனிக்காமல் ஆய்வில் மூழ்கிவிடுகிறவர்கள் உண்டு. நிலவியலாளர்களுக்கு யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் போதும். பொதுப் பிரிவில் உச்ச வயது 32. பட்டம் வாங்கிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் கதவு சாத்தியிருக்கும்.

முனைவர் பட்டம் இருந்தால் நெட், செட் போன்ற ஆசிரியர் தகுதித் தேர்வுகள் தேவையில்லைதானே?

அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். 2023 ஜூலை 1 முதல், உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் விருப்பத்துக்கு உரியது என்று யுஜிசி அறிவித்திருக்கிறது. ஆய்வின் முதல் ஆண்டிலேயே, பாடப்பகுதி நினைவில் இருக்கும்போதே, தேர்வை முடித்துவிடுவது நல்லது.

எனக்கு 41 வயது. பகுதிநேர ஆய்வாளர். காலம் கடந்துவிட்டதா?

ஆய்வை முடிக்கச் சேர்க்கைக்குப் பின் அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் உண்டு. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் சேர்த்து மொத்தம் பத்துவரை போகலாம். பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள்வரை உண்டு. வயதுக்கு வரம்பு இல்லை. முப்பது வயது ஆய்வாளர்களோடு உங்களை ஒப்பிடாமல், இந்தக் காலக்கெடுவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இரவெல்லாம் தூக்கமில்லை. விட்டுவிடலாம் போலிருக்கிறது.

தூக்கமின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, ஆய்வு பற்றிய முடிவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

உடலும் மனமும் ஓரளவு நிலைப்பட்ட பிறகு, விடுவதா தொடர்வதா என்று யோசிக்கலாம். தலைப்பில் ஆர்வம் போய்விட்டதா, நெறியாளரோடு ஒத்துப்போகவில்லையா, பணம் இல்லையா, அல்லது ஒரு கருத்தரங்கில் பட்ட காயமா என்று பிரித்துப் பாருங்கள். நெறியாளரை மாற்றவும் தலைப்பைத் திருத்தவும் பல்கலைக்கழக விதிகளில் வழி இருக்கும். ஆராய்ச்சிப் பிரிவில் கேளுங்கள். ஆர்வமே போய்விட்டது என்றால் விடுவதில் குற்றமில்லை.

பாதியில் விட்டால் செய்த வேலையெல்லாம் வீணா?

பட்டம் கிடைக்காது, மற்றவை உங்களுடையவை. வெளியான கட்டுரைகள், கற்ற கருவிகள், சேகரித்த தரவுகள் ஆகியவற்றை விண்ணப்பத்தில் "ஆய்வு அனுபவம்" என்ற தலைப்பில் ஆண்டுகளோடு எழுதலாம். தரவுகளின் உரிமை பற்றி நெறியாளரிடமும் நிறுவனத்திடமும் பேசி எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே வெளியேறுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.